குருமனைச் சாவியை ஒப்படைத்த பிறகு

நான் பணிசெய்த சேகரங்களின் சபையாருக்கு ஒரு திறந்த மடல்



பிரிவுபசார விழாவில் எனக்கென்று ஒதுக்கிய நேரம் பொன்னாடைகளுக்கே போதவில்லை. ஆண்கள் ஐக்கியம் ஒன்று, பெண்கள் ஐக்கியம் ஒன்று, ஒவ்வொரு கிளைச் சபைக்கும் ஒன்று, போர்த்தியவர்களோடு ஆளுக்கொரு போட்டோ. மைக் கடைசியில் என் கைக்கு வந்தபோது பந்தலில் இலை போடும் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. பசித்த சபைக்கு முன் நீளமாகப் பேசக் கூடாது என்பது ஊழியத்தில் நான் கற்ற பாடம். இரண்டு வரியோடு முடித்துக்கொண்டேன். மீதியை இப்போது எழுதுகிறேன்.

இந்த மாதக் கடைசியில் நானும் என் மனைவியும் கனடாவுக்குப் போகிறோம். செய்தி வெளியே போனதிலிருந்து பலவிதமாகக் கேட்கிறார்கள். ‘ஐயாவுக்கு வெளிநாட்டு ஊழியம் கிடைச்சிருச்சாமே’ என்றார் ஒரு அண்ணாச்சி. ‘ஆபிரகாமுக்குக்கூட எழுபத்தைந்து வயசுலதான் புறப்படச் சொன்னார், உங்களுக்குக் கொஞ்சம் முந்தியே சொல்லிட்டார்’ என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். அழைப்பு வந்தது வானத்திலிருந்து இல்லை, மகளிடமிருந்து. டொராண்டோவுக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் அவள் நர்ஸ். இரவுப் பணி முடிந்து வரும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும். எங்களுக்கும் வயதான காலத்தில் பக்கத்தில் பிள்ளை வேண்டும்.

பெற்றோருக்காகக் கனடா வைத்திருக்கும் சூப்பர் விசாவில் போகிறோம். ஒருமுறை உள்ளே போனால் 5 ஆண்டுகள் வரை தங்கலாம். போகுமுன் குறைந்தது 1,00,000 கனடா டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. அந்நாட்டு மக்களுக்கு உள்ள அரசு மருத்துவ அட்டையும் எங்களுக்குக் கிடையாது. சட்டத்தின் கண்ணில் நாங்கள் நீண்ட நாள் தங்கும் விருந்தாளிகள். ஆகவே நான் அங்கே போதகராகப் போகவில்லை. பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவரும் தாத்தாவாகப் போகிறேன்.

‘சொந்த ஊர்ல வீடு கட்டி இருக்கலாமே ஐயா’ என்றும் சிலர் கேட்டீர்கள். குருவானவனுக்கு வாழ்நாள் முழுக்க வீடு உண்டு. அதில் ஒன்றும் அவனுடையது இல்லை. கோடை விடுமுறையில் இடமாறுதல் பட்டியல் வரும். லாரி வரும். கட்டில், பீரோ, புத்தகப் பெட்டிகள், பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் ஏறும். பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளி, புது வாத்தியார், புதுக் கூட்டாளிகள். ஓய்வுபெறும் அன்று குருமனைச் சாவியை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தால், போய் இறங்க வேண்டிய வாசல் எது என்பது பல ஊழியர்களுக்கு அந்த வயதில்தான் முதன்முதலாக எழும் கேள்வி. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த லாரிகளில் நீங்கள் ஏற்றி அனுப்பியதைச் சொல்வதற்காக எழுதுகிறேன்.

ஒரு சேகரத்தை விட்டுப் புறப்படும்போது லாரியில் எங்கள் சாமான்களைவிட உங்கள் சாமான்கள்தான் அதிகம் இருந்தன. தேரிக்காட்டுச் சேகரத்திலிருந்து கிளம்பியபோது ஒரு ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி. ஆற்றங்கரைச் சேகரத்திலிருந்து அரிசி மூட்டை, வாழைத்தார். மலையடிவாரச் சேகரத்திலிருந்து ஒரு தாய்க்கோழி, குஞ்சுகளோடு. போய் இறங்கிய ஊரில் நீங்கள் எங்களுக்கு முன்பே வந்து நின்றீர்கள். வீட்டுக்கு வெள்ளையடித்து, குடம் நிறையத் தண்ணீர் பிடித்து வைத்து, முதல் மூன்று நாளைக்கு அடுப்பு பற்றவைக்க விடாமல் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தீர்கள். மேய்ப்பன், மந்தை என்று மேடையில் பேசினார்கள். நடந்ததைப் பார்த்தால் மேய்த்தது யார் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. இந்த மடலில் நான் சொல்ல வந்தது அதுதான்: ஒரு போதகனையும் அவன் குடும்பத்தையும் நீங்கள் வளர்த்து ஆளாக்கினீர்கள்.

முதல் நன்றி கைப்பிடி அரிசிக்கு. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாகப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை அதை ஆலயத்துக்குக் கொண்டுவரும் வழக்கம் நம் தாய்மாரிடம் தலைமுறைகளாக இருக்கிறது. வீட்டில் அரிசி நிறைய இருந்த நாளிலும் ஒரு கைப்பிடி. ரேஷன் அரிசியில் கஞ்சி வைத்த நாளிலும் ஒரு கைப்பிடி. பீடி சுற்றிய கூலியில் சங்கக் காணிக்கையைத் தவணை தவணையாகக் கட்டி, ரசீதை வேதப்புத்தகத்துக்குள் பத்திரமாக மடித்து வைத்த அக்காமாரை எனக்குத் தெரியும். எங்கள் சம்பளம் அந்தப் பணத்திலிருந்து வந்தது. என் மகள் நர்சிங் படித்த கட்டணத்திலும் அதன் பங்கு இருக்கிறது. டொராண்டோவில் ஒரு நோயாளிக்கு அவள் மருந்து கொடுக்கும்போது, அதற்குப் பின்னால் தேரிக்காட்டில் பீடி சுற்றிய விரல்கள் இருக்கின்றன என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவளும் மறக்கவில்லை.

அடுத்த நன்றி ஏலத்துக்கு. வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு நம் ஆலய வாசல் ஏலம் புரியாது. முதல் காய்ப்பு முருங்கை, முதல் ஈற்றுப் பால், ஒரு சேவல், நாலு முட்டை, ஒரு சீப்பு வாழைப்பழம் எல்லாம் காணிக்கையாக வரும். ஆராதனை முடிந்ததும் ஏலம். கடையில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் முருங்கைக்காயை நூறு ரூபாய்க்கு எடுப்பார் ஒருவர். எடுத்ததைத் திரும்ப ஏலத்துக்கே விட்டுவிடுவார். விலை தெரியாமலா? கொண்டுவந்த கிழவியின் காணிக்கை மதிப்பு குறைந்துவிடக் கூடாது என்பதற்காக. பொருளாதாரம் படித்தவர்கள் சிரிக்கலாம். ஏழையின் காணிக்கையைச் சபை தன் கையால் பெரிதாக்கிக் கொடுப்பதற்கு இதைவிட நாகரிகமான வழியை நான் எங்கும் பார்க்கவில்லை.

மூன்றாவது நன்றி உபதேசியார்களுக்கு. இப்போது சபை ஊழியர் என்கிறோம். பெரியவர்கள் வாயில் இன்னும் உபதேசியார்தான். ஒரு சேகரத்தில் பல சபைகள். குருவானவர் திருவிருந்து கொடுக்க முறை வைத்து வந்துபோவார். மற்ற நாளெல்லாம் சபை உபதேசியார் கையில். விடியற்காலை மணி அடிப்பது அவர். ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வசனம் மனப்பாடம் செய்ய வைப்பது அவர். நடுச்சாமத்தில் மரண வீட்டுக்கு முதலில் ஓடுவது அவர். யார் வீட்டில் சண்டை, யார் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை, எந்தப் பாட்டி மாத்திரை வாங்கப் பணம் இல்லாமல் படுத்திருக்கிறார் என்று என் காதில் போட்டது அவர். நான் போய் ஜெபித்துவிட்டு ‘ஐயாவுக்கு எப்படித் தெரிஞ்சது’ என்ற ஆச்சரியத்தையும் வாங்கிக்கொள்வேன். அந்தப் பெயர் உபதேசியார்களுக்குச் சேர வேண்டியது. இன்று சேர்த்துவிடுகிறேன்.

சபையார் எல்லோரும் சேர்ந்து உண்ணும் அசனத்தைச் சொல்லாமல் நம் ஊர்ச் சபையைப் பற்றி எழுத முடியாது. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு, மாணவர்களுக்குப் ‘பரட்டை அண்ணன்’, ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து உண்பதையே இறையியலாகச் சொல்லிக்கொடுத்தவர். வகுப்பில் குறிப்பெடுத்துத் தேர்வும் எழுதினேன். அதன் பொருள் விளங்கியது உங்கள் அசனப் பந்தியில். பிரதிஷ்டைப் பண்டிகைக்கு முந்தின இரவு முழுக்கக் காய்கறி வெட்டு. விடியும் முன்னே கோட்டை அடுப்புகளில் அண்டாக்கள். ஆயிரம் பேருக்கு ஆக்கினாலும் படுத்த படுக்கையாக இருப்பவர் வீட்டுக்கு வாளி முதலில் போகும். திருமண்டலத் தேர்தல் வந்தால் நாம் இரண்டு அணி. முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட உண்டு. அசனத்தன்று இரண்டு அணித் தலைவர்களும் ஒரே சாம்பார் வாளியின் இரண்டு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

அங்கேயும் கசப்பு இல்லாமல் இல்லை. கல்யாணத்திலும் கல்லறைத் தோட்டத்திலும் சாதி பார்க்கிற சபைகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடச் சம்மதிப்பவர்கள், யார் கையால் பரிமாறுவது என்று வரும்போது தயங்குவார்கள். ஒரு சேகரத்தில் வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் கமிட்டிக் கூட்டத்துக்கு வந்து, இந்த வருடம் எல்லாத் தெருப் பிள்ளைகளும் பரிமாறுவோம், இல்லாவிட்டால் யாருமே பரிமாற மாட்டோம் என்று நின்றார்கள். கூட்டம் நள்ளிரவு வரை போனது. எல்லாத் தெருவும் பரிமாறியது. அந்தத் தம்பி தங்கைகளுக்கு என் வணக்கம். என் பிரசங்கங்களால் ஆகாததை உங்கள் பிடிவாதம் செய்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை தாண்டியது, குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் வெள்ளத்தின் நடுவே நின்றுபோக, புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைப் பொங்கிப் பயணிகளுக்குப் போட்டதை நாடே பேசியது. நம் ஆலயத்திலும் அந்த இரண்டு இரவும் பெஞ்சுகளை ஓரம் தள்ளிப் பாய் விரித்தோம். படுத்திருந்தவர்களில் பாதிப் பேர் சபையார் இல்லை. அரிசி மூட்டையைத் தலையில் வைத்து இடுப்பளவு தண்ணீரில் வந்தவர், அம்மன் கோயில் கொடைக்கு வரி பிரிக்கிற அண்ணாச்சி. கேரல் பவனிக்குச் சேர்த்திருந்த பணம் போர்வையும் பால் பவுடரும் ஆனது. அந்த வருடம் கிறிஸ்துமஸ் பிரசங்கத்துக்கு நான் புத்தகம் எதையும் புரட்டவில்லை.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். குருவானவருக்குப் பட்டம் உண்டு, அங்கி உண்டு, சம்பளம் உண்டு. அவர் மனைவிக்கு இதில் ஒன்றும் கிடையாது. வேலை மட்டும் உண்டு. என் மனைவி பகலில் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தாள். மாலையில் பெண்கள் ஐக்கியத்தில் பேசினாள். எந்த நேரத்தில் யார் வந்தாலும் காபி போட்டாள். குடிக்கிற கணவனைப் பற்றி என்னிடம் சொல்லக் கூச்சப்பட்ட பெண்கள் குருமனை அடுக்களையில் அவளிடம் சொல்லி அழுதார்கள். அவளை ‘அம்மா’ என்று அழைத்து, அவள் அறுவை சிகிச்சைக்குப் படுத்திருந்தபோது முறை வைத்துக்கொண்டு வந்து தலைவாரிவிட்டீர்கள். அவள் சார்பாகவும் இந்த நன்றி.

ஓய்வுபெற்ற ஊழியன் எங்கே போக வேண்டும் என்பதற்கு நம் மண்ணில் பழைய விடைகள் பல உண்டு. மிஷனரி கால்டுவெல் 1841-ல் இடையன்குடிக்கு வந்தார். அங்கே அவர் எழுப்பிய ஆலயம் முடிய 33 ஆண்டுகள் ஆயின. 1891-ல் பொறுப்பிலிருந்து விலகியும் அவர் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. அதே ஆண்டு கொடைக்கானலில் இறந்தார். உடலை இடையன்குடிக்குக் கொண்டுவந்து அவர் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். சாயர்புரத்தில் பணி தொடங்கிய ஜி.யு. போப் இங்கிலாந்துக்குத் திரும்பினார். திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் தமிழ் கற்பித்தார். 1886-ல் திருக்குறளையும், எண்பது வயதில் 1900-ல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். டோனாவூர் ஏமி கார்மைக்கேல் 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர், 1951-ல் இறக்கும்வரை ஒரு விடுப்புக்குக்கூட ஊர் திரும்பவில்லை. நம் வெள்ளாளன்விளை அசரியா 1909-ல் தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்குப் போனார். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அங்கேயே வாழ்ந்து முடித்தார்.

இவர்கள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரை எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. இருந்தவரும் போனவரும் இரு சாராருமே இந்த மண்ணுக்கு உண்மையாக இருந்தார்கள் என்பது மட்டும் எனக்கு ஆறுதல். போப்பைப் போலப் பெரிய காரியம் எதுவும் கையில் இல்லை. பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கற்றுக்கொடுத்து, கீர்த்தனை நாலு பாடவைத்தால் போதும்.

கனடாவில் எந்தக் கோயிலுக்குப் போவீர்கள் என்று பெண்கள் ஐக்கியத்தில் கேட்டீர்கள். நம் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது 1947 செப்டம்பர் 27-ல். அதற்கு 22 ஆண்டுகள் முன்பே, 1925 ஜூன் 10 அன்று, டொராண்டோவில் மெதடிஸ்டுகளும் காங்கிரிகேஷனல் சபையாரும் பெரும்பாலான பிரெஸ்பிட்டேரியன் சபையாரும் இணைந்து கனடா ஐக்கிய திருச்சபையை உண்டாக்கினார்கள். நாம் பேராயர்களை உடைய ஆங்கிலிக்கன் சபையாரையும் சேர்த்துக்கொண்டு இன்னும் ஒரு படி போனோம். ஒரே வேட்கையில் பிறந்த இரண்டு சபைகள் அவை. 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்து குடியேறிய தமிழர்கள் கட்டி வளர்த்த சபைகளும் அந்த நகரத்தில் இருக்கின்றன. எங்கே போனாலும் நான் பின் பெஞ்சில் உட்காரப் போகிறேன். இத்தனை வருடமும் பீடத்துக்கு முன் நின்றே ஆராதித்தவனுக்கு, மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆராதிக்கும் சந்தர்ப்பம் இப்போதுதான் வாய்க்கிறது.

விடைபெறும்போது மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, எனக்குப் பின் வந்திருக்கும் குருவானவர்தான் இனி உங்கள் குருவானவர். கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் அடக்கத்துக்கும் அவரைத்தான் அழைக்க வேண்டும். ‘பழைய ஐயா இப்படிச் செய்வாங்க’ என்று அவர் காதுபடச் சொல்லாதீர்கள். சேகரக் கமிட்டி விவகாரங்களை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அனுப்பினால் பதில் வராது. சுகம் விசாரிக்க எந்நேரமும் அழையுங்கள். அங்கே இரவானாலும் எடுப்பேன். எனக்கு முன்பிருந்த ஊழியர்கள் எனக்கு இந்த உபகாரத்தைச் செய்தார்கள். அதனால்தான் உங்கள் அன்பு முழுசாக எனக்குக் கிடைத்தது.

இரண்டாவது, உபதேசியார்களின் சம்பளம். கோபுரத்துக்கு வண்ணம் பூசவும் ஒலிபெருக்கி மாற்றவும் நாம் ஒரே வாரத்தில் பணம் சேர்த்துவிடுகிறோம். மணி அடிக்கிற மனிதரின் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் என்றால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கிறோம். எனக்குப் பொன்னாடை போர்த்திய ஒவ்வொரு சங்கமும் அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்தில் அவருக்கென்று ஒரு தொகையை எழுதட்டும்.

மூன்றாவது, தனியாக இருக்கும் பெரியவர்கள். நம் ஊர்களில் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் கனடாவிலும் இருக்க, வீட்டில் ஒரு பாட்டியும் ஒரு டிவியும் மட்டும் மிஞ்சிய தெருக்கள் பெருகிவிட்டன. என் மகளும் அப்படிப் போனவள்தான். எங்களைக் கூட்டிக்கொள்ள அவளால் முடிந்தது. முடியாத பிள்ளைகளின் பெற்றோர் உங்கள் தெருவில் இருக்கிறார்கள். ஆராதனை முடிந்து வீடு திரும்பும் வழியில் ஒரு வீட்டுக்குள் நுழைந்து பத்து நிமிடம் உட்காருங்கள். மாத்திரை தீர்ந்துவிட்டதா, கேஸ் இருக்கிறதா, கடைசியாக யார் போன் பண்ணினார்கள் என்று கேளுங்கள். அதற்குக் குருவானவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். எனக்குச் செய்ததில் பாதியை அவர்களுக்குச் செய்தால் போதும்.

உங்கள் ஜெபங்களில் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஓய்வுபெற்ற குருவானவர்